பிரிப்யாத் படங்களில் பாழ் தெரிகிறது, கதிரியக்கம் எங்கே?

மஞ்சள் கூண்டுகள் தொங்கும் ஒரு ராட்டினம் அசையாமல் நிற்கிறது. பின்னால் கண்ணாடி போன ஜன்னல்களோடு அடுக்குமாடிக் குடியிருப்புகள். மொட்டைமாடியின் விரிசலில் ஒரு பிர்ச் மரம் வேர்விட்டிருக்கிறது. கேமரா மெல்ல மேலே எழும்ப, கண்ணுக்கெட்டிய தூரம் காடு, காட்டுக்கு நடுவே கான்கிரீட் பெட்டிகள். பின்னணியில் ஒரு பாட்டு. ஆள் அரவமே இல்லை.

1986இல் உக்ரைனில் நடந்த செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு காலியான பிரிப்யாத் நகரத்தைப் பற்றி இணையத்தில் சுற்றும் கலைப்படங்கள் பெரும்பாலும் இதே அச்சில் வார்த்தவை. 2014இல் பிரிட்டனைச் சேர்ந்த டேனி குக் ட்ரோன் வைத்து எடுத்து வெளியிட்ட சுமார் மூன்று நிமிடக் குறும்படம் இந்த வகையில் மிகப் பிரபலம். அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக அங்கே போனபோது அவர் எடுத்தது அது. இந்த மாதிரிப் படங்களைப் பார்த்தவர்கள் கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். அத்தனை ஆபத்தான இடத்துக்குள் படக்குழு எப்படிப் போனது? கட்டடங்களெல்லாம் உலை வெடித்த அதிர்ச்சியில் உடைந்தவையா? மனிதர் வாழ முடியாத இடத்தில் மரம் மட்டும் எப்படி இவ்வளவு செழிப்பாக வளர்கிறது?

பதில்கள் இருக்கின்றன. ஆனால் அவை படத்தின் சட்டகத்துக்கு வெளியே இருக்கின்றன. அணு விபத்தின் முகம் என்று நாம் பார்த்துப் பழகிய காட்சிகளில் பெரும்பாலானவை அணு விபத்தால் உண்டானவையே அல்ல.

ஊர் எது, உலை எது?

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். செர்னோபில் என்பது உலையிலிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும், பல நூற்றாண்டு பழைய சிறு நகரம். மின்நிலையத்துக்கு அதன் பெயரை வைத்தார்கள். படங்களில் வருவது அந்த ஊர் இல்லை. மின்நிலைய ஊழியர்களுக்காக 1970 பிப்ரவரியில் கட்டத் தொடங்கிய பிரிப்யாத். உலைக்கும் அதற்கும் சுமார் 3 கிலோமீட்டர்தான் இடைவெளி. 1986இல் அங்கே ஏறத்தாழ 49,000 பேர் இருந்தார்கள். அவர்களின் சராசரி வயது 26. இளம் குடும்பங்கள் நிறைந்த ஊர். நீச்சல் குளம், கலாச்சார மாளிகை, விடுதி எல்லாம் இருந்தன. ஒரு திரையரங்கமும் இருந்தது, ‘பிரமித்தியஸ்’ என்ற பெயரில். தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்த கிரேக்கப் புராணப் பாத்திரம் அது. தியேட்டர் வாசலில் நின்ற அவனுடைய சிலையை, விபத்துக்குப் பிறகு மின்நிலைய வளாகத்துக்கே எடுத்துப்போய் வைத்தார்கள்.

வெடித்தது எது?

1986 ஏப்ரல் 26, சனிக்கிழமை, அதிகாலை 1.23. நான்காவது உலை. ஆர்பிஎம்கே-1000 என்ற சோவியத் வடிவமைப்பு: அணுவைப் பிளக்கும் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க கிராஃபைட், வெப்பத்தை எடுத்துச் செல்லத் தண்ணீர். நடந்ததைச் சுருக்கமாக வரிசைப்படுத்தினால்:

1. வெளி மின்சாரம் நின்றுபோனால், சுழன்றுகொண்டிருக்கும் டர்பைனின் மிச்ச வேகத்தைக் கொண்டே குளிர்விப்பு பம்புகளைக் கொஞ்ச நேரம் ஓட்ட முடியுமா என்று ஒரு சோதனை நடந்தது.

2. அதற்காக உலையின் திறனைக் குறைத்தபோது, அது திட்டமிட்டதைவிட வெகுவாக இறங்கிவிட்டது. நியூட்ரான்களை விழுங்கும் செனான்-135 உள்ளே சேர்ந்தது. திறனை மீண்டும் ஏற்றுவதற்காக, அணுப்பிளவை அடக்கிவைக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் பெரும்பாலானவற்றை வெளியே இழுத்தார்கள். வண்டி மேட்டில் திணறுகிறதென்று பிரேக்கையே கழற்றிவிட்ட கதை.

3. இந்த வகை உலையில் தண்ணீர் கொதித்து நீராவியாக மாறினால் அணுப்பிளவு குறையாது, கூடும். கூடினால் வெப்பம் ஏறும். வெப்பம் ஏறினால் இன்னும் நீராவி.

4. உலையை நிறுத்தும் பொத்தானை அழுத்தியதும் தண்டுகள் இறங்கின. அவற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த கிராஃபைட், உலையின் அடியில் முதல் சில நொடிகளுக்கு வினையைக் குறைப்பதற்குப் பதில் தூண்டிவிட்டது. திறன் எகிறியது. நீராவியின் அழுத்தத்தில் உலை வெடித்தது.

இது அணுகுண்டு வெடிப்பு இல்லை. ஹிரோஷிமாவில்போல ஒரு அதிர்வலை நகரத்தைத் தரைமட்டமாக்கவில்லை. சிதைந்தது உலைக் கட்டடம். மூன்று கிலோமீட்டர் தள்ளி பிரிப்யாத் தூங்கிக்கொண்டிருந்தது. விடிந்ததும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், கடைகள் திறந்தன, அன்று அந்த ஊரில் கல்யாணம்கூட நடந்தது. மறுநாள் ஏப்ரல் 27, பிற்பகல் 2 மணிக்குத்தான் வெளியேற்றம் தொடங்கியது. ஏறக்குறைய 1,200 பேருந்துகள், சில மணி நேரத்தில் ஊர் காலி. அடையாள ஆவணங்களையும் அவசியமான பொருள்களையும் கொஞ்சம் சாப்பாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், இது தற்காலிகம்தான் என்று ஒலிபெருக்கி சொன்னது. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் பெரும்பாலோர் பேருந்து ஏறினார்கள்.

ஆகவே, மக்கள் பூட்டிவிட்டுப் போனபோது நகரம் முழுசாக இருந்தது. படத்தைப் பார்க்கும்போது இந்த ஒரு விஷயம் நினைவில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கதிர் வேறு, தூசி வேறு

கதிரியக்கம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சீசியம், அயோடின், ஸ்ட்ரான்சியம் போன்ற கதிரியக்கப் பொருள்கள் தூசியாகவும் வாயுவாகவும் பறந்து வந்து படிபவை. கதிர் என்பது அந்தப் பொருளின் அணுக்கள் சிதையும்போது கிளம்பும் ஆற்றல். வெளியிலிருந்து காமா கதிர் உடம்பில் படுவது ஒரு விதம். அந்தப் பொருளே மூச்சிலோ பாலிலோ காளானிலோ உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு உள்ளிருந்து கதிரை வீசுவது வேறு விதம். முதலாவதற்கு, விலகிப் போனாலே போதும். இரண்டாவதற்கு அந்த வசதி கிடையாது.

ஒரு கதிரியக்கப் பொருளில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம் அரை ஆயுள். இதுதான் அந்த நகரத்தின் காலண்டர். அயோடின்-131க்கு 8 நாள். விபத்தின் முதல் வாரங்களில் மேய்ச்சல் புல்லிலிருந்து பசுவுக்கும், பாலிலிருந்து குழந்தைகளின் தைராய்டு சுரப்பிக்கும் போனது இதுதான். மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போய்விட்டது. விளைவு மட்டும் பிறகு வந்தது, தைராய்டு புற்றுநோயாக. சீசியம்-137க்குச் சுமார் 30 ஆண்டு. 2026ஆம் ஆண்டுக் கணக்கில் அன்று விழுந்ததில் ஏறக்குறைய 40 சதவீதம் மிச்சம். புளூட்டோனியம்-239க்கு 24,000 ஆண்டு.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம், படக்குழு எப்படிப் போனது? ஏப்ரல் 27 காலையில் பிரிப்யாத்தின் சில தெருக்களில் மணிக்குச் சில மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்குக் கதிர்வீச்சு இருந்தது. இயற்கையிலிருந்து உலக மனிதர் ஒருவருக்குச் சராசரியாக ஒரு வருடத்துக்கே 2.4 மில்லிசீவர்ட்தான். அன்று அங்கே அது ஒரு மணி நேரக் கணக்கு. இன்று அதே ஊரின் பெரும்பாலான தெருக்களில் மணிக்கு ஒரு மைக்ரோசீவர்ட்டை ஒட்டித்தான், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில். வானத்தில் 10 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் விமானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஓரிரு நாள் போய்ப் படமெடுத்துத் திரும்பலாம் என்பதன் கணக்கு இதுதான். குடியிருப்பது வேறு கணக்கு. அங்கே தோட்டம் போட்டு, கிணற்றுத் தண்ணீர் குடித்து, குழந்தை மண்ணில் விளையாடினால் மைக்ரோசீவர்ட் கணக்கோடு முடியாது.

தெருக்களின் அளவு ஊர் முழுக்க ஒரே சீராகவும் இல்லை. தார்ச்சாலை மழையில் கழுவிக் கழுவிச் சுத்தமாகிவிட்டது. அதன் விரிசல்களில் வளரும் பாசி சீசியத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பாசியில் மிதிக்காதீர்கள் என்று வழிகாட்டிகள் சொல்லிவந்தது அதனால்தான். எந்தப் பொருளையும் தரையில் வைக்கக் கூடாது என்றும் விதி உண்டு. தரையில் வைத்தே ஆகவேண்டிய டிரைபாடு வைத்திருப்பவரின் பாடு திண்டாட்டம். வெளியே வரும்போது எல்லோரும் ஓர் இரும்புச் சட்டத்துக்குள் நின்று, பக்கத் தகடுகளில் கைகளை வைத்து, சோதித்துக்கொண்டு வர வேண்டும்.

கேமராவுக்குக் கதிர் தெரிந்த நாட்கள்

கேமராவுக்கும் கதிரியக்கத்துக்கும் பழைய உறவு உண்டு. கதிரியக்கம் என்ற ஒன்று இருப்பதையே முதலில் காட்டிக்கொடுத்தது புகைப்படத் தகடுதான். 1896இல் பாரிஸில் ஹென்றி பெக்கரல், கறுப்புக் காகிதத்தில் சுற்றிய தகட்டின் மேல் யுரேனிய உப்பை வைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். வெயில் வந்தால் சோதனையைத் தொடரலாம் என்று நினைத்திருந்தார், வெயில் வரவில்லை. தகட்டைக் கழுவிப் பார்த்தால், வெளிச்சமே படாமல் அதில் உருவம் விழுந்திருந்தது.

ஃபிலிமில் இருப்பது வெள்ளி உப்பின் நுண்ணிய பரல்கள். ஒளி பட்டால் அவை மாறும். காமா கதிர் பட்டாலும் மாறும். எக்ஸ்ரே படம் வேலை செய்வதும் இப்படித்தான். அணுமின் ஊழியர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் அளவீட்டு வில்லைக்குள் ஒரு காலத்தில் இருந்ததும் ஃபிலிம் துண்டுதான்.

செர்னோபிலிலும் இதுவே நடந்தது. உக்ரைன் இயக்குநர் வொலொதிமிர் ஷெவ்சென்கோ விபத்துக்குப் பிந்தைய வாரங்களில் அங்கே ஆவணப்படம் எடுத்தார். ஹெலிகாப்டரிலிருந்து, உடைந்த உலைக்கு மேலே பறந்து எடுத்த காட்சிகளில் திடீர் திடீரென வெள்ளைப் பொறிகள் தெறிக்கின்றன. ஃபிலிம் கெட்டுவிட்டதென்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகுதான் புரிந்தது, லென்ஸ் வழியாக வராமல் கேமராவின் உடலைத் துளைத்துக்கொண்டு வந்த கதிர் ஃபிலிமில் போட்ட கையெழுத்து அது. ஷெவ்சென்கோ 1987இல் இறந்துபோனார்.

வெளியேற்றத்துக்கு முன் பிரிப்யாத் தெருக்களில் எடுத்த சில நிமிடக் காட்சியிலும் இதே பொறிகள் உண்டு. தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் சாதாரண நகரம். ஒரு சுவர்கூட இடியவில்லை. திரையில் வெள்ளைப் புள்ளிகள் மட்டும். பிரிப்யாத்தில் எடுத்த படங்களிலேயே பயங்கரமானது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். அழகும் இல்லை, சிதிலமும் இல்லை. ஆபத்து மட்டும் இருக்கிறது.

டிஜிட்டல் கேமராவின் சென்சாரிலும் பலத்த கதிர்வீச்சு பட்டால் புள்ளி விழும். ஆனால் இன்று பிரிப்யாத் தெருவில் இருக்கும் அளவு அதற்குப் போதாது. ட்ரோன் படத்தில் கதிரியக்கத்தின் தடயம் ஒரு புள்ளிகூட இல்லை. வேறெந்தப் பாழடைந்த ஊரிலும் அதே படத்தை எடுத்திருக்கலாம்.

அப்படியானால் நகரத்தை உடைத்தது யார்?

காலவரிசைப்படி பார்ப்போம்.

1. துப்புரவுப் படை. வெளியேற்றத்துக்குப் பிறகு ராணுவத்தினரும் தொழிலாளர்களும் வீடு வீடாகப் போய், மாசுபட்ட மரச்சாமான்களையும் மின்சாதனங்களையும் வெளியே எடுத்துப் புதைத்தார்கள். திருடிக்கொண்டு போய் விற்றால் கதிரியக்கமும் கூடவே ஊர் ஊராகப் போகும் என்ற பயம் ஒரு காரணம். படத்தில் பார்க்கும் வெறும் அறைகள் பல அப்போதே வெறுமையானவை.

2. இரும்பு வேட்டை. காவல் இருந்தும் பல ஆண்டுகளுக்குத் திருட்டு நடந்தது. வெப்பமூட்டும் ரேடியேட்டர், குழாய், கம்பி என்று உலோகம் எல்லாம் போயிற்று. ஜன்னல் ஓரத்துச் சுவரில் ரேடியேட்டர் இருந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் தெரிவதைப் படத்தை நிறுத்திப் பார்த்தால் காணலாம்.

3. தண்ணீரும் பனியும். இதுதான் பெரிய ஆள். தட்டைக் கூரையில் நின்ற தண்ணீர் விரிசலில் இறங்கும், குளிர்காலத்தில் உறைந்து விரியும், விரிசல் அகலும், அடுத்த மழையில் இன்னும் ஆழமாக இறங்கும். ஆண்டுக்கு ஆண்டு இதே வேலை. 2005இல் ஒன்றாம் எண் பள்ளிக்கூடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததற்குக் கதிரியக்கம் காரணமில்லை, கூரையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததுதான் காரணம்.

4. மரம். காற்றில் வந்து விழும் பிர்ச் விதைக்கு ஒரு விரல்கடை மண் போதும்.

மரம் பற்றிய கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். எல்லா மரமும் தப்பவில்லை. உலைக்குப் பக்கத்தில் இருந்த பைன் காடு கடும் கதிர்வீச்சில் பட்டுப்போய்ச் செம்பழுப்பாக மாறியது. ‘சிவப்புக் காடு’ என்றே பெயர் வந்தது. ஃபிலிமில் பொறி தெறிக்காமலே, வெறும் கண்ணுக்கே கதிர்வீச்சு தெரிந்த இடம் அது. புல்டோசரால் அந்த மரங்களைச் சாய்த்து மண்ணில் புதைத்துவிட்டார்கள். பைனைவிட பிர்ச் கதிர்வீச்சைத் தாக்குப்பிடிக்கும். அளவு குறைந்ததும், வெட்ட ஆளில்லாததும் சேர்ந்துகொள்ள, ஊர் காடாகிவிட்டது.

படமெடுக்க எதுவும் மிஞ்சாத ஊர்கள்

உலைக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் கொப்பாச்சி என்று ஒரு கிராமம் இருந்தது. மாசு மிக அதிகம் என்பதால் வீடுகளை இடித்து அங்கேயே புதைத்தார்கள். இன்று அங்கே மண்மேடுகளும், அவற்றின் மேல் கதிரியக்க எச்சரிக்கைப் பலகைகளும், இடிக்காமல் விட்ட ஒரு மழலையர் பள்ளிக் கட்டடமும் இருக்கின்றன. படமெடுக்கப் போகிறவர்கள் அந்தப் பள்ளிக்குள் போவார்கள். துருப்பிடித்த கட்டில்களை எடுப்பார்கள். மேடுகளை யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும் பார்ப்பவருக்குப் புல் முளைத்த திட்டு என்றுதான் தெரியும்.

எங்கே பாதிப்பு மிக அதிகமோ அங்கே கேமராவுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. பிரிப்யாத் கலைப்படங்களின் நகைமுரண் இதுதான். பிரிப்யாத்தின் கட்டடங்களை இடித்துப் புதைக்காமல் விட்டதால்தான் அது படமாக முடிகிறது.

ஊரை விட்டால் உடம்பு. கடுமையான கதிர்வீச்சு நோய் உறுதியானவர்கள் 134 பேர்; அவர்களில் 28 பேர் 1986லேயே இறந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் கழற்றிப்போட்ட உடைகள் பிரிப்யாத் மருத்துவமனையின் நிலவறையில் கிடந்து, ஊரிலேயே கடும் கதிர்வீச்சு உள்ள இடங்களில் ஒன்றாக அதை ஆக்கிவிட்டன. 1986இல் மட்டும் சுமார் 1,16,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பின்வந்த ஆண்டுகளில் இன்னும் சுமார் 2,20,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் ஊர் பிரிப்யாத் இல்லை. உக்ரைன், பெலாருஸ், ரஷ்யாவின் கிராமங்கள்.

‘கைவிடப்பட்ட நகரம்’ என்ற சொல்

1986 ஏப்ரல் 27க்குப் பிறகு அங்கே மனித நடமாட்டமே இல்லை என்ற எண்ணத்தை இந்தப் படங்கள் உண்டாக்குகின்றன. உண்மை வேறு. விபத்துக்குள்ளானது நான்காவது உலை மட்டும்தான். மற்ற மூன்றும் அதே வளாகத்தில் மீண்டும் மின்சாரம் தயாரித்தன. இரண்டாவது 1991இலும், முதலாவது 1996இலும், மூன்றாவது 2000ஆம் ஆண்டு டிசம்பர் 15இலும்தான் நின்றன. ஆயிரக்கணக்கானோர் தினமும் வேலைக்கு வந்து போனார்கள். அவர்களுக்காகக் கட்டிய ஸ்லாவுதிச் என்ற புதிய நகரத்திலிருந்து ரயில் விட்டார்கள்.

பிரிப்யாத்துக்குள்ளும் துப்புரவுப் பணியாளர்களின் சலவைக் கூடமும் வேறு சில வசதிகளும் இயங்கின. படங்களில் அடிக்கடி வரும் அந்தக் காலி நீச்சல் குளத்தை நினைவுபடுத்திப் பாருங்கள்: பெரிய கடிகாரம், தாவும் மேடை, உடைந்த ஓடுகள். அணு விபத்து நாளில் உறைந்துபோன காலம் என்று அதற்குத் தலைப்பு போடுவார்கள். 1996இல் அந்தக் குளத்தில் பணியாளர்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

ராட்டினத்துக்கும் இதே கதை, எதிர்த் திசையில். குழந்தைகளின் சிரிப்பொலி நின்றுபோன இடம் என்று காட்டுகிறார்கள். அந்தப் பூங்கா 1986 மே 1ஆம் தேதிதான் திறப்பதாக இருந்தது.

இரண்டு படங்கள், இரண்டு ஊர்கள்

ஆஸ்திரிய இயக்குநர் நிகோலாஸ் கெய்ர்ஹால்டர் 1999இல் எடுத்த ஆவணப்படத்துக்கும் ‘பிரிப்யாத்’ என்றுதான் பெயர். கறுப்பு வெள்ளை, சுமார் 100 நிமிடம். பின்னணிக் குரல் இல்லை, இசை இல்லை. கேமரா நகராமல் நிற்கிறது. ஆட்கள் சட்டகத்தின் நடுவில் வந்து நின்று பேசுகிறார்கள். இன்னும் ஓடிக்கொண்டிருந்த மின்நிலையத்தின் ஊழியர்கள், காவலர்கள், உலையைச் சுற்றி மக்கள் குடியிருக்கத் தடைசெய்த பகுதியான விலக்கு மண்டலத்துக்குள் தங்கள் பழைய வீட்டுக்கே திரும்பி வந்து வாழும் முதியவர்கள். அனுமதியில்லாமல் திரும்பியவர்கள் ஒரு கட்டத்தில் சுமார் 1,200 பேர் வரை இருந்தார்கள்.

இந்தப் படம் பொறுமையைச் சோதிக்கும். ஒரு நீண்ட பேச்சு, நீண்ட மௌனம், மறுபடியும் பேச்சு. ஆனால் கதிரியக்கத்தைக் காட்ட முடியாது என்பதை உணர்ந்து எடுத்த படம் அது. காட்ட முடியாததை மனிதர்களின் பேச்சு வழியாகவே கேட்க வைக்கிறது. சம்பளம் ஒழுங்காக வருகிறதா, பசு எங்கே மேய்கிறது, ஆற்று மீனைத் தின்னலாமா. வாழ்க்கை நடக்கும் இடம் என்பதால்தான் அங்கே ஆபத்து என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது.

2014 குறும்படத்தில் பேச ஆளில்லை. ட்ரோனின் பார்வை பறவையின் பார்வை. கூரையும் மரமும் தெரியும், பாசி தெரியாது. இதற்காக அந்தப் படத்தைக் குறை சொல்வதும் அத்தனை நியாயமில்லை. மூன்று நிமிடத்தில் ஓர் ஊரின் பிரம்மாண்டத்தை, அதன் நேர்த்தியான தெருக்கட்டத்தைக் காட்டியது போல 100 நிமிடப் படம் காட்டவில்லை. 49,000 பேர் என்ற எண் எவ்வளவு பெரிது என்பது உயரத்திலிருந்து பார்க்கும்போதுதான் உறைக்கிறது. சிக்கல், அதைப் பார்த்து வந்த நூற்றுக்கணக்கான நகல்களில்.

இந்த அழகியல் செர்னோபிலுக்கும் முந்தையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தடைசெய்யப்பட்ட ‘மண்டலம்’, அதற்குள் பாழடைந்த கட்டடம், ஈரம், புல், மௌனம் என்று ஒரு காட்சிமொழியைச் சோவியத் இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ 1979லேயே உருவாக்கிவிட்டது. எஸ்தோனியாவில் தாலினுக்கு அருகே எடுத்த படம். விபத்துக்கு ஏழு வருடம் முந்தையது. விலக்கு மண்டலத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறவர்கள் பின்னாளில் தங்களை ‘ஸ்டாக்கர்’ என்றே அழைத்துக்கொண்டார்கள். 2019இல் வந்த, எச்பிஓ தொலைக்காட்சியின் ‘செர்னோபில்’ தொடரில் வரும் பிரிப்யாத்தோ பிரிப்யாத்தே இல்லை; லித்துவேனியாவின் வில்னியுஸ் நகரில் மக்கள் குடியிருக்கும் ஒரு பகுதி. முழுசாக இருந்த பிரிப்யாத்தைக் காட்ட, முழுசாக இருக்கும் வேறு ஊர்தான் தேவைப்பட்டது.

பொம்மையும் முகமூடியும்

பள்ளிக்கூடத் தரை முழுக்கச் சிறுவர்களுக்கான நச்சுவாயுத் தடுப்பு முகமூடிகள் கொட்டிக் கிடக்கும் காட்சி கிட்டத்தட்ட எல்லாப் படத்திலும் வரும். விபத்தன்று அவற்றை யாரும் மாட்டவில்லை. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தாக்குதல் வந்தால் உதவும் என்று சோவியத் பள்ளிகளில் அடுக்கி வைத்திருந்த குடிமைப் பாதுகாப்புச் சாமான்கள் அவை. பிற்பாடு வந்தவர்கள் பெட்டியை உடைத்துக் கொட்டியவை.

கட்டிலின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பொம்மை, ஜன்னலோரத்தில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து வைத்த ஒற்றைச் செருப்பு, பொம்மையின் முகத்தில் மாட்டிய முகமூடி போன்றவற்றில் பலவும் புகைப்படம் எடுக்க வந்தவர்கள் அமைத்தவை. ஒருவர் வைத்துவிட்டுப் போனதை அடுத்தவர் உண்மையென்று எடுப்பார். சுவர்களில் தெரியும் குழந்தைகளின் கறுப்பு நிழலுருவங்களும் பின்னாளில் வந்த ஓவியர்கள் வரைந்தவைதான். ஹிரோஷிமாவின் கல்லில் பதிந்த நிழல்களோடு இவற்றைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

படத்தில் பின்னணியாக வரும் ‘டிக் டிக்’ சத்தமும் ஒரு வகையில் இப்படித்தான். கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியின் குழாய்க்குள் ஒரு துகளோ கதிரோ நுழைந்து பதிவானால் ஒரு டிக். இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சிலேயே அது எந்த ஊரிலும் டிக்கிக்கொண்டுதான் இருக்கும். குழாய் பெரிதாக இருந்தால் அதிகம் டிக்கும். ஆகவே வேகமாக டிக்குகிறது என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கருவி காட்டும் எண்ணையும் அலகையும் பார்க்க வேண்டும். பல படங்களில் சத்தம் இருக்கும், எண் இருக்காது. எண் தெரிந்தாலும், கருவியைப் பாசியில் வைத்தார்களா, இடுப்பு உயரத்தில் பிடித்தார்களா என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் பல மடங்கு வரலாம்.

இப்போது

2019இல் மட்டும் சுமார் 1,24,000 பேர் விலக்கு மண்டலத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். 2022 பிப்ரவரி 24இல் ரஷ்யப் படை அந்த வழியாகத்தான் உக்ரைனுக்குள் நுழைந்தது. மார்ச் இறுதிவரை மின்நிலையம் அதன் பிடியில் இருந்தது. சுற்றுலா நின்றது. 2025 பிப்ரவரி 14இல் ஒரு ட்ரோன் வந்து, நான்காவது உலையை மூடி 2016இல் நிறுவிய பிரம்மாண்ட எஃகு வளைவின் கூரையில் மோதித் துளை போட்டது. இந்த முறை ட்ரோனில் இருந்தது கேமரா இல்லை, வெடிமருந்து.

போருக்கு முன்புவரை ஆண்டுக்கு ஒருமுறை விலக்கு மண்டலத்தின் கிராமங்களும் பிரிப்யாத்தும் நிரம்பியது உண்டு. ஈஸ்டருக்குப் பிறகு வரும் நாட்களில் முன்னோர் கல்லறைக்குப் போய்ப் படையலிடுவது அந்த மக்களின் வழக்கம். அதற்காக முன்னாள் குடிகளுக்கு அனுமதி கொடுப்பார்கள். பேருந்துகளில் வந்து இறங்குவார்கள்; கல்லறையைச் சுற்றி முளைத்த செடிகளை வெட்டுவார்கள்; பூ வைத்து, கொண்டுவந்த சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, மாலைக்குள் திரும்பிவிடுவார்கள். போகும்போது சிலர் தங்கள் பழைய மாடிப்படியில் ஏறி, கதவு இல்லாத வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதும் உண்டு.